குளிரில் ஆறாத ஓட்டுப் புண்: மலையகத்தில் ஆமை வளர்ப்பவர்களுக்கு

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வளரும் ஆமைக்கு ஓட்டில் புண் வந்தால், கொழும்பில் ஆமை வளர்ப்பவர் சொல்லித்தரும் வைத்தியத்தை அப்படியே செய்து பலன் கிடைக்காது. அயடின் அதேதான், களிம்பும் அதேதான், ஆனால் அங்கே சில வாரத்தில் காய்ந்துபோகிற புண் இங்கே மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். கடைசியில் மருந்து சரியில்லை என்று இன்னொரு மருந்து, அதற்கும் மேலே இன்னொன்று. மருந்தில் குறை இல்லை. ஆமையின் உடம்பு சூடாகாத வரைக்கும் எந்த மருந்தைப் பூசினாலும் வேலை அரைகுறைதான், மலையகத்தில் இதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பது சிவப்புக் காது ஆமை. மீன் தொட்டி விற்கும் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் குட்டியாக விற்பார்களே, அதுதான். வளர்ந்தால் 25 சென்டிமீட்டரைக்கூடத் தாண்டலாம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 வருடம்கூட இருக்கும் என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி அது. "அங்கே பனியே கொட்டுகிறது, அதில் பிழைக்கிற ஆமைக்கு நம்ம குளிர் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

பதில் இதுதான். அங்கே குளிர்காலம் வந்ததும் அந்த ஆமை தின்பதை நிறுத்தி, குளத்தின் அடியில் போய் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும், பிறகு கோடை வரும்போது மரக்கட்டைமேல் ஏறி, உடம்பு 30 பாகை அளவுக்கு ஏறும்வரை வெயில் காயும். அதாவது ஒரேயடியாக உறங்கும், பிறகு முழு வேகத்தில் இயங்கும். ஹட்டன் சுமார் 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர். நுவரெலியாவில் வருடச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. இந்த வெப்பத்தில் ஆமைக்கு உறக்கமும் வராது, உடம்பும் ஓடாது. கொஞ்சம் தின்னும், தின்றது சரியாகச் செரிக்காது. காயம் பட்டால் வெள்ளை அணுக்கள் மெதுவாக வரும், புது எலும்பு மெதுவாகக் கட்டும், ஆனால் தண்ணீரில் இருக்கும் கிருமிக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வருடம் முழுக்க இந்த இடைப்பட்ட நிலையில் கிடப்பதுதான் மலையக ஆமையின் பிரச்சினை. கண்டியிலும் பதுளையிலும் கொஞ்சம் பரவாயில்லை, தலவாக்கலை, மஸ்கெலியா, நானுஓயா என்று மேலே போகப் போகச் சிக்கல் கூடும்.

இனி ஓட்டைப் பற்றி. ஓடு என்பது ஆமை போட்டிருக்கும் சட்டை என்று நினைப்பவர்கள்தான் உடைந்த இடத்தில் சுப்பர் குளூ ஊற்றுகிறார்கள். முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டியதுதான் மேலோடு. அதன்மேல், நம் நகம் போலவே, கெரட்டின் வகைப் புரதத்தால் ஆன செதில்கள் பதிந்திருக்கின்றன. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, வலிக்கும். நுரையீரல் மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே இருக்கிறது, நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்குக் கிடையாது. ஆகவே முதுகில் ஆழமாக ஒரு வெடிப்பு விழுந்தால் அது எலும்பு முறிவும் ஆகலாம், நெஞ்சு திறந்த காயமும் ஆகலாம். சத்தம் போட்டு அழாத பிராணி என்பதால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

புண் என்று நினைத்து ஓடிவருபவர்களில் பலருடைய ஆமைக்கு உண்மையில் ஒன்றுமே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் காது ஆமை வளரும்போது பழைய செதில் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியதாக முழுசாகக் கழன்று விழும், கீழே கெட்டியான புதுச் செதில் பளபளப்பாகத் தெரியும். அது வளர்ச்சி. செதில்களுக்கு நடுவே வெளிறிய கோடு தெரிந்தால் அதுவும் வளர்ச்சிதான். பச்சையாகப் படிந்திருந்தால் பாசி, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். பயப்பட வேண்டியது வேறு: விரலால் அழுத்தினால் ஒரு இடம் மட்டும் மெத்தென்று அமுங்குவது, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு திட்டு நாளுக்கு நாள் பெரிதாவது, குழி விழுவது, செதில் ஓரம் தூக்கிக்கொண்டு கீழே ஈரம் தெரிவது, எல்லாவற்றுக்கும் மேலே நாற்றம். அழுகல் நாற்றத்துக்கு விளக்கம் தேவையில்லை, மூக்குக்கே தெரியும். வயிற்றுப் பக்க ஓட்டில் இளஞ்சிவப்பாக இரத்தம் பரவிய மாதிரித் தெரிந்து, ஆமையும் தின்னாமல் சோர்ந்து கிடந்தால் தொற்று இரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஓடு முழுவதுமே ரப்பர் மாதிரி வளைந்தால் அது வேறு நோய், கல்சியம் பற்றாக்குறை, அதைப் பின்னால் பார்ப்போம். முட்டையிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன குட்டிக்கு ஓடு சற்று இளகித்தான் இருக்கும்.

ஓட்டழுகல் எங்கிருந்து வருகிறது? சிட்ரோபாக்டர், ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பக்டீரியாக்கள் ஆமைத் தண்ணீரில் எப்போதும் இருப்பவைதான், சில நேரம் பங்கசும் சேர்ந்துகொள்ளும். நல்ல ஓட்டை அவை ஒன்றும் செய்வதில்லை. சீமெந்துத் தொட்டியில் உரசி வயிற்றோட்டில் கீறல், கூட வளரும் ஆமை கடித்த தடம், பல்பில் பட்டுச் சுட்ட இடம், இப்படி ஒரு வாசல் கிடைத்தால் உள்ளே போகும். ஒரு பேசினில் பாதித் தண்ணீர் ஊற்றி, ஏறி உட்கார ஒரு கல்கூட வைக்காமல் வளர்த்தால் அந்த ஓடு 24 மணி நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும். இதில் நம் ஊர் மழையும் மிஸ்டும் வேறு. மே மாதத்தில் தொடங்கி ஹட்டன் பக்கம் விடாமல் தூறும் காலத்தில் துவைத்துப் போட்ட துணியே காயாது, ஆமை ஓடு எப்படிக் காயும்?

எனவே வைத்தியத்தின் வரிசை இப்படி: முதலில் சூடு, அடுத்தது உலர்ந்த இடம், அதற்குப் பிறகுதான் மருந்து. ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் எடுத்து, அடியில் பழைய பத்திரிகையோ சுத்தமான டவலோ விரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் மேலிருந்து பல்ப் வெளிச்சம் விழும்படி செய்யுங்கள். பழைய குண்டு பல்ப்தான் வேண்டும், இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்ஈடி பல்பில் வெளிச்சம் வருமே தவிரச் சூடு வராது. ஆமை இருக்கும் இடத்தில் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், பல்புக்கு நேர் கீழே 30 பாகை அளவிலும், மற்றப் பக்கம் 25 அளவிலும் இருந்தால் போதும், எது வேண்டுமோ ஆமையே தேடிப் போகும். இரவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பகலெல்லாம் சூடாக்கிவிட்டு இரவு 12 பாகைக் குளிரில் இஸ்தோப்பில் வைத்தால் பகல் பட்ட பாடு வீண். பல்ப் ஓட்டில் படக் கூடாது, ஓர் அடி இடைவெளி விடுங்கள். அட்டைப் பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு விட்டுத் தூங்கப் போகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு காம்பறாவில் பிடித்த தீ முழு லயத்துக்கும் பரவுவதைப் பார்த்த ஊர் இது. கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலை டவலில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், நேரடியாகப் படும்படி வேண்டாம்.

நீர்வாழ் ஆமையைத் தண்ணீருக்கு வெளியே வைத்தால் செத்துவிடாதா என்று பயப்பட வேண்டாம். நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. தண்ணீர் குடிக்கவும் தின்னவும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை அரை மணியோ ஒரு மணியோ தண்ணீரில் விட்டால் போதும், இந்த வகை ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். அந்தத் தண்ணீரும் 25 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பீலியில் பிடித்ததை அப்படியே ஊற்றினால் அதுவரை ஏற்றிய சூடு ஒரு நிமிடத்தில் போய்விடும். சின்னக் குட்டிகள் சீக்கிரம் வறண்டுபோகும், அவற்றுக்குத் தண்ணீர் நேரத்தைக் கூட்டுங்கள்.

சுத்தம் செய்ய பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயடின் போதும். போத்தலில் 10 சதவீதம் என்று போட்டிருப்பதை அப்படியே ஊற்றாதீர்கள், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு கொதித்தாறிய தண்ணீர் கலந்து, லேசாகச் சாயம் இறங்கிய பிளேன்டி நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மென்மையான பிரஷ்ஷால் புண்ணைக் கழுவி, சில நிமிடம் விட்டு, துடைத்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை மெல்லிய படையாகப் பூசலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை. தானாகக் கழன்று வரும் செதில் துண்டை எடுக்கலாம், ஒட்டியிருப்பதைக் கத்தியால் சுரண்டுவது மிருக வைத்தியருடைய வேலை. ஆமைக்குச் சீழ் நம்முடையது போல ஒழுகி வராது, கெட்டியாகக் கட்டிப்போய் உள்ளேயே இருக்கும், அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், அதற்கு வலி மருந்தும் மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

பூசக் கூடாதவற்றின் பட்டியல் நம்மிடம் கொஞ்சம் நீளம். தேங்காய் எண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், நெயில் பொலிஷ். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எண்ணெய் வகையில் உள்ள சிக்கல் என்னவென்றால், அது ஈரத்தையும் அழுக்கையும் உள்ளே வைத்து மூடிவிடும், காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமிக்கு அது நல்ல வசதி. பாட்டி சொன்ன மஞ்சள் மனிதத் தோலில் என்ன செய்யுமோ அது வேறு கதை. ஐதரசன் பெரொக்சைட்டை நுரை வருகிறதே என்று தினமும் ஊற்றுபவர்களும் உண்டு, புதிதாக வளரும் திசுவையும் அது சேர்த்தே எரிக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஓடு கெட்டியாக கல்சியம் வேண்டும், கல்சியம் உடம்பில் சேர விட்டமின் டி வேண்டும், அதற்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். உயரம் 1000 மீட்டர் கூடினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, ஆகவே மேகம் விலகிய ஒரு காலை நேரத்தில் நம் ஊர் வெயில் கொழும்பு வெயிலுக்குச் சளைத்ததில்லை. இங்கே குறைவது கதிர் அல்ல, சூடுதான். தோலில் தொடங்கும் விட்டமின் டி வேலை முடிவதற்கும் உடம்பு சூடாக இருக்க வேண்டும் என்பதால், குளிர்ந்த ஆமையை 10 நிமிடம் வெளியே காட்டிவிட்டு உள்ளே கொண்டுவருவதில் பெரிய பலன் இல்லை. காற்றுப் படாத மூலையில், பாதி நிழல் இருக்கும்படி, காகமும் நாயும் வராமல் பக்கத்தில் ஆள் இருந்து அரை மணி நேரம் விடுங்கள். யன்னல் கண்ணாடிக்குள்ளே வைத்தால் அந்தக் கதிர் உள்ளே வராது. தீனியில் சோறும் பாணும் பிஸ்கட்டும் நிறுத்தப்பட வேண்டும். பொன்னாங்காணி, கங்குன், துருவிய கரட், சின்ன மீன் முள்ளோடு, தொட்டிக்குள் ஒரு கணவாய் ஓடு. மரக்கறியை நன்றாகக் கழுவுங்கள், நம் பக்கத்துத் தோட்டங்களில் எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடைந்த ஓடு என்றால் கதை வேறு. நாய் கடிப்பது, படிக்கட்டில் விழுவது, புல் வெட்டும் மெஷின், முச்சக்கர வண்டிச் சில்லு, காரணம் பெரும்பாலும் இவைதான். இரத்தம் வந்தால் சுத்தமான கோஸ் துணியால் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே சதையோ குழியோ தெரிந்தால், மூச்சு விடும்போது வெடிப்பில் குமிழி வந்தால், எந்தத் திரவத்தையும் அதற்குள் ஊற்றாதீர்கள், அது நேராக உள்ளுறுப்புக்குப் போகும். சேலைன் நனைத்த கோஸை மேலே தளர்வாக மூடினால் போதும். தண்ணீரில் விடவே கூடாது. உலர்ந்த பெட்டி, இருட்டு, மிதமான சூடு. ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போடுங்கள், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். பனடோல் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். விழுந்த ஓட்டுத் துண்டு கிடைத்தால் அதையும் ஈரக் கோஸில் சுற்றி எடுத்துப் போங்கள்.

சுப்பர் குளூவும் எபொக்சியும் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. ஒரு காலத்தில் மிருக வைத்தியர்களே ஃபைபர்கிளாஸ் வைத்து மூடினார்கள். வெளியே அழகாக இருந்தது, உள்ளே அழுகியது. இப்போது வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் சிறு கொக்கியோ திருகாணியோ பொருத்தி, கம்பியாலோ கேபிள் டையாலோ இழுத்துக் கட்டுகிறார்கள், புண் மட்டும் திறந்தே இருக்கும், தினமும் கழுவலாம். நாய்க்கடி என்றால் பல் பட்ட இடம் முழுவதும் கிருமி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வைத்தியம் தொடங்குவார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோவது நல்லது, ஆனால் ஒரு நாள் கழிந்துவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கே போவது? பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் தினமும் வருவது பசுவும் ஆடும் நாயும், ஆமை எப்போதாவது ஒன்று. அவர்கள் முதலுதவி செய்து வழிகாட்டலாம். எக்ஸ்ரே, மயக்க மருந்து, அறுவை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனைதான் நமக்குக் கிட்ட, ஹட்டனிலிருந்து என்றால் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகலாம். யாரிடம் போனாலும் ஒன்றை வாய் திறந்து சொல்லுங்கள்: ஆமைக்கு ஐவர்மெக்டின் போடக் கூடாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்ணி, புழுவுக்குப் போடும் அந்த ஊசி ஆமையின் நரம்பு மண்டலத்தைச் செயலிழக்க வைத்துக் கொன்றுவிடும். நுண்ணுயிர்க் கொல்லி ஊசிகளும் ஆமையில் வேறு கணக்கில்தான் போகின்றன. செஃப்டாசிடிம் போன்றதை மனிதருக்கு ஒரு நாளிலேயே பல தடவை போடுவார்கள், ஆமைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும், ஏனென்றால் அதன் உடம்பிலிருந்து அந்த மருந்து அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறுகிறது. எத்தனை நாளுக்கு எவ்வளவு என்ற கணக்கும் ஆமை தேவையான சூட்டில் இருக்கிறது என்ற எண்ணத்தில் போட்டதுதான். குளிரில் கிடக்கும் ஆமைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பஸ்ஸில் கொண்டுபோகும்போதும் பெட்டிக்குள் டவல் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று போகட்டும்.

வழியில் அடிபட்டுக் கிடப்பது நம் நாட்டு ஆமை, கிரி இப்பாவோ கல் இப்பாவோ நட்சத்திர ஆமையோ என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கச் சட்டம் இடம் தராது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, கண்டெடுத்த இடத்தையும் குறித்துக் கொடுங்கள். சிவப்புக் காது ஆமைக்கு நிலைமை தலைகீழ். வைத்தியச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அதைக் கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடக் கூடாது, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. அப்புறம், புண்ணைக் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆமைகள் சல்மொனெல்லாவைச் சுமப்பவை, அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த குட்டி ஆமை விற்பனையை 1975 இல் தடைசெய்தது சிறு பிள்ளைகளுக்கு அது தொற்றியதால்தான். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளும்தான்.

ஆறுவதற்கு எவ்வளவு நாள் என்று கேட்டால், மேலோட்டமான அழுகல் சூடும் உலர்வும் கிடைத்தால் சில வாரத்தில் காய்ந்துவிடும், எலும்பு வரை போனதற்கும் வெடிப்புக்கும் பல மாதம், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல். நடுவில் ஆமை அசையாமல் கிடந்தால் உடனே செத்துவிட்டது என்று புதைக்கப் போகாதீர்கள், குளிர்ந்த ஆமையின் மூச்சும் இதயத் துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும், மெதுவாகச் சூடாக்கி ஒரு நாள் பாருங்கள். தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம், குளிர்ப் பகுதியில் இது அடிக்கடி வரும், அதைத் தள்ளிப்போட வேண்டாம். புண் முழுக்கக் காய்ந்து கெட்டியாகி, நாற்றம் இல்லாமல் இருந்தால் தண்ணீர் நேரத்தை வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகலாம். பல மாதம் கழித்து அந்த இடத்திலிருந்து செத்த எலும்புத் துண்டு ஒன்று பட்டையாகக் கழன்று விழலாம். கீழே உலர்ந்த, கெட்டியான புது ஓடு தெரிந்தால் அப்படியே விடுங்கள். ஈரமாக இருந்தாலோ நாற்றம் வந்தாலோ மறுபடி பேராதனைக்கு.